ரோட்டரி இன்ஜினை வீட்டில் இறக்கி ஏற்றுவது எவ்வளவு கஷ்டம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழல்வது) உள்ள மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார், குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகிறது. ஓடிச் சூடானபின் நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுக்கிறது. கம்ப்ரஷன் (அறைக்குள் காற்றை அழுத்தும் திறன்) போய்விட்டது, இன்ஜினையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிரித்த கார் ஒன்றிலிருந்து இன்னொரு இன்ஜின் கிடைக்கிறது. கேட்டவருக்குக் கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் வேலையெல்லாம் பழக்கம் உண்டு, இன்ஜின் மட்டும் இறக்கியதில்லை. வீட்டு ஷெட்டில் வைத்து இதைச் செய்ய முடியுமா?

முடியும். இறக்கி ஏற்றுகிற வேலையை மட்டும் பார்த்தால், அதே அளவு சக்தி தரும் பல பிஸ்டன் இன்ஜின்களைவிட இது சுலபம் என்றே சொல்வேன். சிலிண்டர் ஹெட் கிடையாது, வால்வு கிடையாது, டைமிங் செயினோ பெல்ட்டோ கிடையாது. உள்ளே சுழல்பவை இரண்டு ரோட்டர்களும் நடுவில் ஓடும் எக்சென்ட்ரிக் ஷாஃப்டும்தான். துணைக் கருவிகளைக் கழற்றிவிட்டால் வெறும் இன்ஜின் நூறு கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். உருவமும் சின்னது, அதனால் பானட்டுக்குக் கீழே கை நுழைக்க இடம் கிடைக்கும். ஆனால் இந்த வேலையில் தோற்பவர்கள் பெரும்பாலும் இன்ஜினைத் தூக்கும் ஹாய்ஸ்டைப் பிடிக்கும்போது தோற்பதில்லை. கெட்டுப்போன இன்ஜினை எடுத்துவிட்டு இன்னொரு கெட்டுப்போன இன்ஜினை வைத்துத் தோற்கிறார்கள். அல்லது நல்ல இன்ஜினை வைத்து, பழையதைக் கொன்ற அதே கோளாறிடம் அதையும் பலி கொடுக்கிறார்கள். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முந்தைய கட்டத்திலேயே நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில், கம்ப்ரஷன் போய்விட்டது என்று யார், எந்தக் கருவியை வைத்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் ரோட்டரிக்குச் சரிப்படாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள், மூன்றும் ஒரே ஸ்பார்க் பிளக் துளையைத்தான் மாறி மாறிக் கடந்து போகின்றன. சாதாரண கேஜில் இருக்கும் ஒருவழி வால்வு மூன்றில் அதிகமானதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு முகம் நன்றாக இருந்து மற்ற இரண்டும் செத்திருந்தாலும் கேஜ் நல்ல கணக்கையே காட்டும். ரோட்டரிக்கென்று உள்ள டெஸ்டர் மூன்று முகங்களையும் தனித்தனியே காட்டி, இன்ஜினை ஸ்டார்ட்டர் எத்தனை வேகத்தில் சுற்றியது என்பதையும் பதிவு செய்யும். அந்தக் கணக்கை 250 ஆர்பிஎம்முக்குச் சமன் செய்து பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ்-8இன் ரெனிசிஸ் இன்ஜினுக்கு மாஸ்டா கொடுக்கும் அளவு அந்த வேகத்தில் 830 கிலோபாஸ்கல். 680க்குக் கீழே போனால் தேறாது. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 150ஐத் தாண்டக்கூடாது, இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 100ஐத் தாண்டக்கூடாது. இரண்டு ரோட்டர்களுக்கும் முகத்துக்கு ஒன்றாக ஆறு எண்கள் கையில் இல்லாமல் இன்ஜினைக் குறை சொல்ல வேண்டாம்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. சூட்டில் ஸ்டார்ட் ஆகாதது கம்ப்ரஷன் குறைந்ததற்கான பழைய அடையாளம்தான், மறுக்கவில்லை. ஆனால் களைத்துப்போன ஸ்டார்ட்டர் மோட்டாரும் சூட்டில் மெதுவாகத்தான் சுற்றும். பலவீனமான பேட்டரியும், உயிர் போய்க்கொண்டிருக்கும் இக்னிஷன் காயிலும் அதே நாடகத்தை ஆடும். ரோட்டரிக்கு ஸ்டார்ட் ஆகும்போது சுழலும் வேகம் ரொம்ப முக்கியம். மெதுவாகச் சுற்றினால் சீல்களைத் தாண்டிக் காற்று கசிய அவகாசம் கிடைத்துவிடும். ஸ்டார்ட்டரையும் பேட்டரியையும் மாற்றியதும் சிக்கல் பாதியாகக் குறைந்த கார்கள் உண்டு. அப்படியானால் இன்ஜின் வேலையை உடனே செய்யாமல் நிதானமாகத் திட்டமிடலாம்.

சரி, எண்கள் மோசம், மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, வரப்போகும் இன்ஜின் உங்கள் காருக்குரியதுதானா? வெளியே பார்த்தால் எல்லாம் மாஸ்டாவின் 13பி வகைதான். 654 சிசி அறைகள் இரண்டு, மொத்தம் 1308 சிசி. ஆனால் ஆர்எக்ஸ்-8இலேயே நான்கு இன்டேக் போர்ட் (காற்று உள்ளே வரும் வாய்) உள்ளதும் ஆறு போர்ட் உள்ளதும் இருக்கின்றன. இன்டேக் மேனிஃபோல்டு, அதிலுள்ள ஷட்டர் வால்வு அமைப்பு, இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எல்லாம் வேறு. 2009 மாடலில் அறைக்குள் ஆயில் செலுத்தும் முறையே மாறியது. ஒரு ரோட்டருக்கு இரண்டாக இருந்த ஆயில் இன்ஜெக்டர் மூன்றானது, பம்பும் வேறு. அதற்கு முந்தைய முதல் வரிசைக் காரில் இந்த இரண்டாம் வரிசை இன்ஜினை அப்படியே உட்கார வைக்க முடியாது. எஃப்சி எனப்படும் பழைய, இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இலும் இதே கதைதான். 1989க்கு முந்தைய இன்ஜினில் மெக்கானிக்கல் ஆயில் மீட்டரிங் பம்ப், அதன் பிறகு மின்சாரத்தில் இயங்குவது. ரோட்டர்களின் எடையும் மாறியிருக்கிறது.

அந்த எடை விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் தலைவலி அதில்தான் இருக்கிறது. ரோட்டரியில் ஷாஃப்டின் முன்னும் பின்னும் எதிரெடை உண்டு. அது அந்தந்த ரோட்டருக்கென்றே கணக்கிடப்பட்டது. மேனுவல் கியர் காரில் பின்பக்க எதிரெடை பிளைவீலோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். ஆட்டோமேட்டிக்கில் அது தனித் துண்டு, அதன்மேல் டார்க் கன்வர்ட்டருக்கான தகடு வரும். சந்தையில் கிடைக்கும் எடை குறைந்த பிளைவீல்களுக்கும் எதிரெடை தனியாக வாங்கிப் போட வேண்டும். ரோட்டருக்குப் பொருந்தாத எதிரெடையோடு பொருத்தினால் இன்ஜின் ஓடும். ஆனால் சுழற்சி ஏற ஏற அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். ஆறு போர்ட் ரெனிசிஸ் 9000 ஆர்பிஎம் வரை போகிற ஜாதி, அங்கே சமன் தவறினால் மன்னிப்பு கிடையாது.

இப்போது அந்த இன்ஜினைச் சோதிப்பது. விற்பவர் ஓடிய கிலோமீட்டரைப் பெருமையாகச் சொல்வார். ரோட்டரிக்கு அது அரைத் தகவல்தான். குறைவாக ஓடி ஒருமுறை கொதித்த இன்ஜினைவிட, நிறைய ஓடி ஒழுங்காக ஆயில் பார்க்கப்பட்டது மேல். காரிலிருந்து இறக்குவதற்கு முன்பே டெஸ்டர் வைத்துப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. ஏற்கெனவே இறக்கித் தரையில் கிடந்தாலும் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. முன் போல்ட்டில் நீண்ட கைப்பிடி போட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். ரோட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றும். ஆக ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ரோட்டரின் ஒரு முகம் அழுத்தத்துக்கு வரும். ஒரு ரோட்டரின் கீழ் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டுச் சுற்றினால் அந்தத் துளையில் புஸ் புஸ் என்று மூச்சு கேட்கும். அடுத்தடுத்த மூன்று மூச்சும் ஒரே பலத்தில் வர வேண்டும். ஒன்று சோர்ந்து போயிருந்தால் அந்த முகத்தில் சீல் தேய்ந்திருக்கிறது அல்லது கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்து சோர்ந்திருந்தால் இன்னும் மோசம்.

ஆர்எக்ஸ்-7 காலத்து இன்ஜின்களில் இன்னொரு வசதி உண்டு. எக்ஸாஸ்ட் போர்ட் ரோட்டர் ஹவுசிங்கின் சுற்றுச்சுவரில் இருப்பதால், டார்ச் அடித்து ஒவ்வொரு ஏபெக்ஸ் சீலும் (ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் சீல்) கடந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். மெல்லிய குச்சியால் தொட்டு அழுத்தினால் ஸ்பிரிங் தள்ளுகிறதா என்றும் தெரியும். ரெனிசிஸில் எக்ஸாஸ்ட் பக்கச் சுவருக்குப் போய்விட்டதால் அந்த ஜன்னல் அடைபட்டுவிட்டது. பிளக் துளை வழியே போர்ஸ்கோப் (குழாய் நுனியில் இருக்கும் சின்னக் கேமரா) விட்டு ஹவுசிங்கின் குரோம் பூச்சில் கோடோ உரிதலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். அதோடு ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத் துகள் மின்னினால் பேரிங் கரைகிறது என்று பொருள், அந்த இன்ஜினை வாங்காதீர்கள். கூலன்ட் வழிகளில் பிரஷர் டெஸ்டர் மாட்டி ஒரு இரவு விட்டுவைப்பதும் நல்லது. காலையில் அழுத்தம் இறங்கி, பிளக் துளையில் ஈரம் தெரிந்தால் உள்ளே கூலன்ட் சீல் போயிருக்கிறது.

கூலன்ட் சீலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய இன்ஜின் ஏன் செத்தது என்ற கேள்வி பலநேரம் இங்கேதான் வந்து நிற்கும். ரோட்டரி என்பது தட்டுத் தட்டாக அடுக்கி, நீண்ட டென்ஷன் போல்ட்களால் இறுக்கிய கட்டு. ரோட்டர் ஹவுசிங் அலுமினியம், பக்கச் சுவர்கள் வார்ப்பிரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. போதாததற்கு, எரிதல் எப்போதும் ஹவுசிங்கின் ஒரே பக்கத்தில் நடக்கிறது. எதிர்ப்பக்கத்தில் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பிஸ்டன் இன்ஜினில் ஒரே இடம் மாறி மாறிச் சூடாகிக் குளிரும். இங்கே ஒரு பக்கம் எப்போதும் அடுப்பு, மறுபக்கம் எப்போதும் நிழல். அதனால்தான் ஒரே ஒரு முறை கொதித்தாலும் ஹவுசிங் கோணி, நடுவில் இருக்கும் சீல் நசுங்கிவிடுகிறது. பிஸ்டன் இன்ஜின் தாங்கும் கொதிப்பை ரோட்டரி தாங்காது.

ஆகவே ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட், கூலன்ட் தொட்டியின் மூடி ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். ஆர்எக்ஸ்-8இல் இன்னொரு சங்கிலித்தொடர் உண்டு. இக்னிஷன் காயில் பலவீனமாகும், எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டில் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரியும், அது உருகி அடைத்துக்கொள்ளும், வெளியேற வழியில்லாத சூடு இன்ஜினுக்கே திரும்பும். புது இன்ஜின் போட்டு, அடைத்த கன்வர்ட்டரை அப்படியே விட்டவர்கள் சில மாதத்திலேயே மறுபடி ஹாய்ஸ்ட் தேடியிருக்கிறார்கள். கழற்றியதும் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், தேன்கூட்டுத் துளைகள் தெரிய வேண்டும். காயில், பிளக், வயர் எல்லாம் புதிதாகவே போடுங்கள். பழைய இன்ஜின் பேரிங் போய்ச் செத்திருந்தால் ஆயில் கூலரும் அதன் குழாய்களும் உலோகத் துகளைச் சேர்த்து வைத்திருக்கும். அவற்றை முழுதாகக் கழுவுவது கடினம், மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

இனி இறக்கும் வேலை. ஒரு டன் தாங்கும் ஹாய்ஸ்ட், சாய்வைச் சரிசெய்ய லெவலர், நல்ல ஆக்சில் ஸ்டாண்டுகள், டார்க் ரெஞ்ச், நீண்ட எக்ஸ்டென்ஷன்கள், உதவிக்கு ஒரு ஆள். காரை ஹைட்ராலிக் ஜாக்கின்மேல் மட்டும் நிறுத்தி உள்ளே படுக்காதீர்கள், தொங்கும் இன்ஜினுக்குக் கீழே கையை நீட்டாதீர்கள். தரை சமமான சிமென்ட்டாக இருக்க வேண்டும். மண் தரையில் ஹாய்ஸ்டின் சின்னச் சக்கரம் நகராது.

பேட்டரி, பெட்ரோல் அழுத்தம், கூலன்ட், ஆயில் எல்லாம் இறக்கிய பிறகு ஏசி கம்ப்ரஸரைக் குழாயோடு சேர்த்தே போல்ட் கழற்றி ஓரமாகக் கட்டிவைக்கலாம், கேஸைத் திறக்கவே வேண்டாம். பவர் ஸ்டியரிங் பம்ப் இருக்கும் கார்களில் அதுவும் அப்படியே. ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்து, டேப் ஒட்டி எழுதுங்கள். ஆர்எக்ஸ்-8இல் இசியு பானட்டுக்குக் கீழேயே இருப்பது ஒரு நிம்மதி. எஃப்டி எனப்படும் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இல் அது உள்ளே கால் வைக்கும் இடத்தில் இருக்கிறது, வயரிங் தடுப்புச் சுவரைத் தாண்டிப் போகும். அந்தக் காரில் இன்னொரு சோதனையும் காத்திருக்கிறது. இரட்டை டர்போவை ஒன்றன்பின் ஒன்றாக இயக்க இன்டேக்குக்கு அடியில் பின்னிக் கிடக்கும் வேக்குவம் ஹோஸ்கள். வருடக்கணக்கில் சூட்டில் வெந்தவை, தொட்டால் உடையும். உடைந்ததை ஒட்டாமல் எல்லாவற்றையும் சிலிக்கான் ஹோஸாக மாற்றிவிடுவதுதான் வழி. இந்தப் பதில் எஃப்டி வைத்திருப்பவருக்கு என்றால் நான் சொல்லும் நேரக் கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

எக்ஸாஸ்ட் நட்டுகளுக்குப் பொறுமை வேண்டும். ரோட்டரியின் எக்ஸாஸ்ட் சூடு அதிகம், ஸ்டட்கள் வெந்து ஒட்டியிருக்கும். முதல் நாளே துருநீக்கி எண்ணெய் தெளித்து, மறுநாள் சூடு காட்டி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். ஸ்டட் உடைந்தால் அதைத் துளைத்தெடுப்பதற்கே ஒரு பொழுது போய்விடும்.

கியர்பாக்ஸ் பக்கம் வரும்போது ஆர்எக்ஸ்-8இலும் எஃப்டியிலும் பவர் பிளான்ட் ஃப்ரேம் என்று ஒன்று உண்டு. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட சட்டம். அதைக் கழற்றினால் கியர்பாக்ஸ் கீழே சாயும், அதனால் முன்கூட்டியே ஜாக் கொடுத்துத் தாங்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது மேனுவலில் உள்ளபடி அதன் உயரத்தை அளந்து இறுக்க வேண்டும், இல்லையென்றால் காரில் எப்போதும் ஒரு நடுக்கம் இருக்கும். எஃப்டியின் கிளட்ச் இழுக்கும் வகை. ரிலீஸ் பேரிங்கை விடுவிக்காமல் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்கப் பார்த்தால் எத்தனை பலம் கொடுத்தாலும் வராது. ஆர்எக்ஸ்-8இல் அந்தத் தொல்லை இல்லை. பிரியும் தருணத்தில் கியர்பாக்ஸின் எடை ஷாஃப்ட் நுனியில் தொங்கவே கூடாது, உள்ளே இருக்கும் பைலட் பேரிங் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஜாக்கை ஆயில் பேனுக்கு அடியில் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அது மெல்லிய தகடு. ஒரு பள்ளம் விழுந்தால் ஆயில் உறிஞ்சும் குழாயின் வாய் அடைபடும். இன்ஜினை அதற்கென்று இருக்கும் தூக்கு வளையங்களில்தான் மாட்ட வேண்டும்.

இன்ஜின் வெளியே வந்து ஸ்டாண்டில் ஏறும்போது ஒரு சின்ன ஆச்சரியம் இருக்கும். கடையில் கிடைக்கும் ஸ்டாண்டுகள் இன்ஜினின் பின்புறத்தைப் பிடிப்பவை. ரோட்டரியில் வேலை செய்ய வேண்டிய பிளைவீல் அங்கேதான் இருக்கிறது. பக்கவாட்டில் பிடிக்கும் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிளைவீலைக் கழற்ற வேண்டி வந்தால் தயாராக இருங்கள். நடுவில் 54 மில்லிமீட்டர் நட்டு ஒன்றே ஒன்று, இறுக்கம் சுமார் 400 முதல் 490 நியூட்டன் மீட்டர். சாதாரண டார்க் ரெஞ்ச் எட்டாது. பிளைவீல் சுற்றாமல் பூட்டும் கருவியும் வேண்டும். நட்டு வந்த பிறகும் பிளைவீல் வராது, கூம்பு வடிவ ஷாஃப்டில் இறுகியிருக்கும். புல்லர் போட்டு இழுத்தால் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு விடும். நட்டை முழுவதும் கழற்றாமல் நான்கைந்து புரி விட்டுவையுங்கள், காலில் விழாது. சுத்தியலால் அடித்து எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த அடி முழுவதும் முன்பக்க த்ரஸ்ட் பேரிங்கில் போய் இறங்கும். திரும்பப் போடும்போது கூம்பு துளி எண்ணெய் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். சாவிக்காடி வழியே ஆயில் கசியாமலிருக்க நட்டின் முகத்தில் சீலன்ட் பூச வேண்டும்.

முன்பக்கப் போல்ட்டிலும் ஒரு பொறி உண்டு. புல்லியின் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய போல்ட்டைத் தளர்த்தினால் உள்ளே த்ரஸ்ட் ஊசி பேரிங் தன் இடத்திலிருந்து நழுவக்கூடும். தெரியாமல் மறுபடி இறுக்கினால் பேரிங் நசுங்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஓட ஆரம்பித்த பிறகுதான் உலோகத் துகள் ஆயிலில் வரும். அவசியமில்லாமல் அதைத் தொடவே வேண்டாம். தொட்டிருந்தால் டயல் கேஜ் வைத்து ஷாஃப்டின் முன்பின் அசைவை அளந்துவிடுங்கள், 0.04 முதல் 0.07 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில. பின் ஆயில் சீல், பைலட் பேரிங், அதன் சீல், கிளட்ச், இன்ஜின் மவுன்ட்கள், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள். ஆறு போர்ட் இன்ஜின் என்றால் இன்டேக்கில் இருக்கும் ஷட்டர் வால்வு கரி பிடித்து ஒட்டியிருக்கும், சுத்தம் செய்து கையால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். ஆயில் மீட்டரிங் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழாய்கள் இன்னும் முக்கியம். ரோட்டரி ஏபெக்ஸ் சீலுக்கு உயவு கொடுக்க ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள்ளேயே விட்டு எரிக்கிறது. ரோட்டரி ஆயில் குடிக்கிறது என்று குறை சொல்பவர்களுக்கு இதுதான் பதில், குடிக்கத்தான் வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் குழாய்கள் வயதானால் பிஸ்கட் மாதிரி ஒடியும். ஒன்று ஒடிந்து அதைக் கவனிக்காமல் ஓட்டினால் அந்த ரோட்டர் உலர்ந்து தேயும். பூட்டி முடித்த முதல் டேங்க் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் சிறிது கலந்து விடுவது நல்ல காப்பு.

இன்ஜினைத் திறந்து புதுச் சீல்கள் போட்டுவிடலாமா என்ற எண்ணம் இந்த இடத்தில் வரும். முதல்முறை இன்ஜின் இறக்குபவர் அதே மூச்சில் முதல்முறை ரோட்டரி கட்டவும் வேண்டாம் என்பது என் கருத்து. கட்டுவது புதிர் இல்லை, ஆனால் ஹவுசிங் தேய்மானமும் சீல் இடைவெளியும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் அளந்து முடிவெடுக்க வேண்டியவை. அது தனி வேலை, தனிக் கருவிகள்.

ஏற்றும்போது அவசரம் கூடாது. கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்சுக்குள் நுழைய மறுத்தால் போல்ட் போட்டு இழுத்து நெருக்காதீர்கள். விரல் நுழையும் இடைவெளி மிச்சமிருக்கும் வரை கையால் ஆட்டி ஆட்டித்தான் சேர்க்க வேண்டும். முழுதாக ஒட்டிய பிறகே போல்ட்.

பிறகு காயில் கனெக்டர்கள். ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக், கீழே இருப்பது லீடிங், மேலே டிரெய்லிங். ஆர்எக்ஸ்-7 எஃப்சியிலும் எஃப்டியிலும் இரண்டு லீடிங் பிளக்குகளும் சேர்ந்தே பொறி விடும், அதனால் அவை இடம் மாறினால் ஒன்றும் ஆகாது. டிரெய்லிங் முன்பின்னாக மாறினால் தவறான நேரத்தில் பொறி விழுந்து சீலை உடைக்கலாம். ஆர்எக்ஸ்-8இல் நான்கும் தனித்தனிக் காயில், கனெக்டர் நான்கும் ஒரே மாதிரி இருக்கும். ஒட்டிய டேப்பைத் திரும்பப் படித்து மாட்டுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பெட்ரோல் பம்பின் ரிலேயைக் கழற்றி, காயில்களைத் துண்டித்து, ஆயில் அழுத்தம் வரும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றுங்கள். ரொம்ப நாள் கிடந்த இன்ஜின் என்றால் பிளக் துளைகளில் சிறிது ஆயில் விட்டுக் கையால் சுற்றி ஊறவிட வேண்டும், கம்ப்ரஷன் கூடும். கிளம்பாமல் அடம்பிடித்துப் பெட்ரோல் நிரம்பிவிட்டால், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு சுற்றினால் இசியு பெட்ரோலை நிறுத்திவிடும், உள்ளே இருப்பது வெளியேறும். ஓடத் தொடங்கியதும் ஒரு மேகம் புகை வரும், ஊற்றிய ஆயில்தான் அது, சில நிமிடத்தில் தெளிய வேண்டும். இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது, அணைத்துவிடுங்கள்.

கூலன்டில் மாட்டிய காற்றை வெளியேற்றுவதை அரைகுறையாக விடாதீர்கள். காரின் முகத்தை உயர்த்தி வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, குமிழி நிற்கும் வரை காத்திருங்கள். காரின் கூலன்ட் முள்ளை நம்ப வேண்டாம். ஆர்எக்ஸ்-8இல் அது நடுவிலேயே நின்றுகொண்டிருந்து, விஷயம் கைமீறிய பிறகுதான் நகரும். இசியு தரும் அளவுகளைக் காட்டும் ஓபிடி ரீடரை மாட்டி உண்மையான வெப்பநிலையைப் பாருங்கள். அப்புறம், முதல் வரிசை ஆர்எக்ஸ்-8இல் ஷாஃப்ட் சென்சாரின் கணக்கை இசியு புதிதாகக் கற்றுக்கொள்ள ஒரு வினோத முறை உண்டு. இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினை ஓடவிடாமல், எட்டு நொடிக்குள் பிரேக்கை இருபது முறை மிதிக்க வேண்டும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

நேரம் எவ்வளவு? பழகிய ஒர்க்ஷாப்பில் இரண்டு நாளில் முடியும். முதல்முறை செய்பவருக்கு மூன்று நான்கு வார இறுதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்று முழுக்க உடைந்த கிளிப், வராத ஸ்டட், கடைக்கு அலைச்சல் என்றே போகும். அன்றாடம் வேலைக்குப் போக இந்தக் கார் ஒன்றுதான் இருக்கிறது என்றால் வீட்டில் தொடாதீர்கள். அவசரம் வந்தால் சோதனைகளைத்தான் முதலில் வெட்டுவோம். ஆர்சி புத்தகம் போன்ற ஆவணத்தில் இன்ஜின் எண் பதிவாகும் இடமாக இருந்தால், மாற்றம் பதிய என்ன தேவை என்று வாங்கும் முன்பே கேட்டு, விற்பவரிடம் ரசீது வாங்கிவையுங்கள்.

ஓடத் தொடங்கிய பின் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை மறுபடி வெட்டிப் பாருங்கள். புதுச் சீல் போட்டுக் கட்டிய இன்ஜின் என்றால், கட்டியவர் சொல்லும் தூரம் வரை சுழற்சியை 4000க்குள் வைத்து ஓட்டுங்கள். பிறகு அதே டெஸ்டரால் ஆறு முகங்களின் அளவையும் எடுத்துத் தேதியோடு எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த முறை சூட்டில் ஸ்டார்ட் ஆகத் தயங்கினால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஆறு எண்கள் இருக்கும்.